கோல்கீப்பரின் முழங்கால்

எனக்குக் கருத்துகள் அதிகம். அதிலும் ஹாக்கி என்று வந்துவிட்டால் வாய் நிற்காது. இந்தியப் பெண்கள் அணியில் யாரை எடுத்திருக்க வேண்டும், யாரை விட்டது அநியாயம், பெனால்டி கார்னரில் முதலில் பாய்ந்து ஓட வேண்டியவள் ஏன் தூங்கினாள், இதையெல்லாம் கேரள எல்லையோரப் பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து முடிவு செய்கிற ஆள் நான். தேர்வுக் குழுவினர் என்னிடம் கேட்பதில்லை. அது அவர்களுடைய நஷ்டம்.

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் கால்பந்துதான். உலகக்கோப்பை வந்தால் முக்குக்கு முக்கு மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பெரிய பேனர் எழும்பும். என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டம்தான். நான் போனில் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தால், "ஒனக்க குச்சிக் களி இன்னும் தீரேலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். களி என்றால் எங்கள் பக்கம் ஆட்டம். நாகர்கோவிலில் படித்தபோது இரண்டு வருடம் கல்லூரி அணியில் இருந்தேன். இருந்தேன் என்றால் ஓரத்து பெஞ்சில் இருந்தேன். மைதானத்துக்குள் போனதெல்லாம் தண்ணீர் பாட்டில் கொண்டு போகத்தான். மூன்றாம் வருடம் பலகையில் ஒட்டிய பட்டியலில் பெஞ்சுக்குக்கூட என் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அன்று பிடித்த கிறுக்கு இது. எந்தப் பட்டியலைக் கண்டாலும் யார் இல்லை என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கடைச் சுவரில் ஒரு பழைய நாள்காட்டித் தாளைத் திருப்பி ஒட்டி, உலக லீக்கின் புள்ளிப் பட்டியலை மார்க்கரால் எழுதி வைத்திருப்பேன். கடைசி இடத்துக்கு வருகிற நாடு அடுத்த முறை லீக்கை விட்டே இறங்க வேண்டும். அந்த வருடம் நம் பெண்கள் அடித்தட்டில் கிடந்து தத்தளித்தார்கள். ஆகவே ஒவ்வொரு புள்ளியும் எனக்கு உயிர்ப் பிரச்சினை. வருகிறவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. "சேச்சீ, இது பஸ்ஸின்டெ சமயமாணோ?" என்று ஒருவர் நெடுநேரம் நின்று படித்துவிட்டுக் கேட்டார். பொழியூர் பஸ் எத்தனை மணிக்கு என்று அதில் தேடியிருக்கிறார், பாவம்.

அப்படிப்பட்ட ஊரில், ஒரு செவ்வாய்க்கிழமை, ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நகலெடுக்க வந்த ஓர் அக்கா சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெல்ஜியத்துக்கு ஒரு புள்ளி கூடுதலு போட்டிருக்க."

நான் மெஷினிலிருந்து நிமிர்ந்தேன்.

"களி சமநிலையில முடிஞ்சு, பெறவு ஷூட் அவுட்டிலயாக்கும் அவங்க ஜெயிச்சது. அதுக்கு ரெண்டுதான். மூணு கிடையாது."

சரிதான். நான்தான் அவசரத்தில் மூன்று போட்டிருந்தேன். அறுபது நிமிடத்துக்குள் ஜெயித்தால்தான் மூன்று; சமநிலையானால் ஆளுக்கு ஒன்று, ஷூட் அவுட்டில் ஜெயித்தவருக்கு இன்னும் ஒன்று. இது தெரிந்த ஒரு மனுஷியை இருபது வருடத்தில் என் கடையில் கண்டதில்லை. எனக்கு ஒரே பரபரப்பு.

"அக்காவுக்கு இது எப்பிடித் தெரியும்?"

"டிவியில பாக்கியதுதான்," என்று சொல்லி, நகல்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பெருங்கடவிளைக்காரி. கல்யாணம் கழிந்து வடக்கே போனவர். வீட்டுக்காரருக்கு அங்கே இரும்பு ஆலையில் வேலை. அவர் ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து, எங்கள் சபைக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரே மகள் வடக்கிலேயே ரயில்வே வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எனக்கு முந்தின வரிசையில் உட்காருவார். யாரிடமும் அதிகம் பேசமாட்டார்.

எனக்கோ ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் சோறு இறங்காது. விளையாட்டு டீச்சராக இருந்திருப்பாரோ? அவரே ஆடியிருப்பாரோ? முழங்கையைப் பார்த்தேன், முட்டியைப் பார்த்தேன், தழும்பு ஏதும் இல்லை. அடுத்தடுத்த வாரங்களில் ஏதாவது ஒரு காகிதத்தோடு அவர் வருவார். நகலெடுக்கிற சாக்கில் சுவரைப் பார்ப்பார். நான் அவரை உட்கார வைத்து என் கருத்துகளை அவிழ்த்துவிடுவேன். கேட்க ஒரு காது கிடைத்தால் விடுவேனா?

கோல்கீப்பர்களைப் பற்றித்தான் அப்போது என் பெரிய கருத்து. நம் அணியின் மூத்த கோல்கீப்பர் எனக்குத் தெய்வம் மாதிரி. இரண்டாமவள் பரவாயில்லை. "மூணாவது ஒருத்தி உண்டு அக்கா, எப்பளும் கேம்பில இருப்பா, எதுக்குண்ணு தெரியேல. ஒரு உள்நாட்டுப் போட்டியில பாத்தேன். ஷூட் அவுட்டில எட்டு நொடி உண்டு, எதிராளி பந்தக் கொண்டு வாறதுக்கு முன்னயே இவ தரையில படுத்துருவா. பாய் விரிச்சுக் குடுத்தா உறங்கியும் போவா."

அக்கா சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பம் படுக்கியதில்ல," என்றார். "அத மாத்தியாச்சு. அவ நிண்ணு பாக்கியா."

"அக்கா எங்க பாத்திய?"

"பாத்தேன்." அவ்வளவுதான். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் அன்று முழுக்கப் போனில் தேடினேன். அந்தப் பெண் நின்று பிடிக்கிற ஒரு காட்சியும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மூத்த கோல்கீப்பருக்குப் பயிற்சியில் முழங்கால் பிசகியது. லீக்கின் கடைசிக் கட்ட ஆட்டங்கள் வெளிநாட்டில். அவள் இல்லையென்றால் நாம் இறங்குவது நிச்சயம். அணியை அறிவிக்க இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? நேராகச் சபைக்குப் போனேன்.

எங்கள் சபையின் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. விண்ணப்பப் பெட்டி. யார் வேண்டுமானாலும் பெயர் எழுதாமல் ஒரு சீட்டில் தன் வேண்டுதலை எழுதிப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை போதகர் அதை எடுத்துச் சத்தமாகப் படிப்பார். ஒவ்வொரு சீட்டுக்கும் சபை முழுவதும் "கர்த்தாவே, கேட்டருளும்" என்று சொல்ல வேண்டும். மகனுக்கு விசா, பசு சினை பிடிக்க, மருமகளுக்குச் சுகப்பிரசவம், அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை, எல்லாம் வரும். ஒரு சீட்டு போட்டால் மூன்று ஞாயிறு தொடர்ந்து படிக்கப்படும். வேண்டுதல் நிறைவேறினால் நன்றி சொல்லி இன்னொரு சீட்டு போட வேண்டும். அதுவும் படிக்கப்படும். இதுதான் வழக்கம்.

நான் எழுதினேன்: "இந்தியப் பெண்கள் ஹாக்கி அணியின் கோல்கீப்பர் சகோதரியின் முழங்கால் விரைவில் குணமாகவும், அவர் மறுபடி அணியில் இடம் பெறவும்."

ஞாயிற்றுக்கிழமை போதகர் அதைப் படித்தபோது பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பாடகர் குழுவில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. போதகர் நல்ல மனுஷன், முகத்தில் ஒன்றும் காட்டாமல் காத்திருந்தார். சபை "கர்த்தாவே, கேட்டருளும்" என்றது. நான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னேன்.

எல்லோரும் சொல்லி முடித்து, போதகர் அடுத்த சீட்டைக் கையில் எடுத்த பிறகு, முந்தின வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக வந்தது. "கர்த்தாவே, கேட்டருளும்." அந்த அக்காவின் குரல். போதகர்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

ஆராதனை முடிந்ததும் நான் பாய்ந்து வெளியே வந்து வாசலில் அவரைப் பிடித்தேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"அக்கா, ஒரு காரியம் கேக்கட்டா? எல்லாரும் சொல்லி முடிஞ்ச பெறவு நீங்க மட்டும் தனியா சொன்னிய. எதுக்காக்கும்?"

"அந்தச் சீட்டு போட்டது நீதான?"

"ஓ, நாந்தான்."

"தெரியும். இந்தச் சபையில வேற ஆரு போடுவா." அவர் குடையை விரித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். நானும் கூடவே நடந்தேன். மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தை ஒட்டிய வழியில் ஆள் யாரும் இல்லை. நின்றார். "மூணாவது ஒருத்திண்ணு சொல்லுவியே மக்கா, முந்திப் படுக்கியவ. அது எனக்க மவளாக்கும்."

முகத்தைக் கொண்டு எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. பாய் விரித்துக் கொடுத்தால் உறங்கிப் போவாள் என்று பெற்றவளிடமே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, வாரா வாரம். ரயில்வே வேலை என்றதும் டிக்கெட் பரிசோதகர் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். விளையாட்டு வழியாக அங்கே வேலை கிடைக்கும் என்பது எனக்குத் தெரியாததா? அந்தப் பெண் வடக்கு மாநிலம் ஒன்றுக்கு ஆடுகிறவள், பெயரிலும் ஊர் தெரியாது. எனக்கு எங்கே தோன்றும்?

"பொறுத்துக்கிடுங்க அக்கா. எனக்க வாயி இருக்கே..."

"நீ உள்ளதத்தான சொன்ன. முன்ன படுத்துட்டுதான் இருந்தா. நானே போன்ல அவளத் திட்டியிருக்கேன்."

மூத்தவளின் கால் சரியாகவில்லை என்றால் இரண்டாமவள் முதலிடத்துக்கு வருவாள், மூன்றாமவள் அணிக்குள் வருவாள். ஆறு வருடமாக முகாமிலேயே கிடக்கிற பெண்ணுக்கு முதல் தடவையாக வாசல் திறந்திருக்கிறது. அது திறந்ததே இன்னொருத்தியின் முழங்கால் பிசகியதால். அந்த முழங்காலுக்குத்தான் நான் சபையைக் கூட்டி ஜெபிக்க வைத்திருக்கிறேன்.

"நானும் சீட்டு எழுதப் பாத்தேன் மக்கா," என்றார் அக்கா. "பெட்டி வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். என்ன எழுதியது? எனக்க மவ போணும்ணா அந்தப் பிள்ளைக்க காலு சொகமாவப்பிடாது. அதும் ஒரு அம்மை பெத்ததுதான? ஆண்டவருகிட்ட அப்பிடிக் கேக்கதுக்கு நாக்கு பொங்கேல்ல."

"பின்ன இன்னைக்கு எப்பிடிச் சொன்னிய?"

"சபை ஒக்க சொல்லும்போ நான் மட்டும் வாய மூடிட்டு இருந்தா, அது எதிரா ஒரு சீட்டு போட்டது மாதிரியாக்கும். அதான் சொன்னேன். கொஞ்சம் தாமசிச்சுப் போச்சு."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். வந்தால் சொல்லலாம், வரவில்லை என்றால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். வடக்கே இரண்டு தடவை அப்படி ஆகிப்போனதாம். நான் சத்தியம் செய்தேன். என் வாயை நம்பி அவர் அதைக் கேட்டதே பெரிது.

மறுநாள் போதகரிடம் போனேன். "அந்த ஹாக்கிச் சீட்ட இனி படிக்காண்டாம், பாஸ்டரே."

"எதுக்கு? காலு சொகமாயாச்சா?"

"இல்ல..."

"பின்ன எதுக்கு நிறுத்தணும்? சபைக்கு இப்பம் அதுல ஒரு ஆர்வம் வந்தாச்சு. நேத்து ரெண்டு பேரு எங்கிட்ட ஸ்கோர் கேட்டினும்."

என்ன காரணம் சொல்வது? வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். இரண்டாம் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் அந்தச் சீட்டு படிக்கப்பட்டது. இப்போது யாரும் சிரிக்கவில்லை, நன்றாகவே உரத்துச் சொன்னார்கள். அக்காவும் எல்லோரோடும் சேர்ந்து, தாமதிக்காமல் சொன்னார். நான்தான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

அந்த நாட்களில் அக்கா தன் போனில் மகள் அனுப்பிய பயிற்சிக் காட்சிகளை எனக்குக் காட்டினார். கடையில் ஆள் இல்லாதபோது இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பார்ப்போம். உண்மைதான், அந்தப் பெண் படுப்பதில்லை. எதிராளி வலப்பக்கம் வெட்டுகிறாள், இடப்பக்கம் வெட்டுகிறாள், இவள் ஆறு நொடி, ஏழு நொடி நின்று பார்க்கிறாள். எதிராளிக்குத்தான் பதற்றம். நான் கடையில் இருந்தே கை தட்டினேன். முன்பு ஒரு பட்டியல் வந்தால் எடுத்தாயிற்று, விட்டாயிற்று என்று ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லுவேன். இப்போது ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எந்த ஊரில் யார் எந்தக் கடையில் நிற்கிறார்கள் என்று யோசனை வந்தது. தேர்வுக் குழுவினருக்கு இப்படி யோசனை வருமா? வந்தால் ஒரு பட்டியலாவது எழுத முடியுமா? எனக்குத் தெரியவில்லை.

அணியை அறிவிக்கிற நாளில் அக்கா காலையிலேயே கடைக்கு வந்துவிட்டார். மகளுக்கே இன்னும் சொல்லவில்லையாம். "நீ வாசிச்சுச் சொல்லு. எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல." நான் கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து வைத்துப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். பதினோரு மணி இருக்கும். வெயில் ஏறிவிட்டது. அக்கா திடீரென்று கேட்டார்:

"நீ சொல்லு மக்கா. நீயானா ஆர எடுப்ப?"

மற்ற நாளாக இருந்தால் இந்தக் கேள்விக்காக நான் தவம் கிடந்திருப்பேன். இத்தனை வருடக் கருத்துகளில் ஒருவர் வந்து என்னிடம் கேட்ட ஒரே தேர்வு இதுதான். பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அவருடைய கண்ணைப் பார்த்தால் பொய் வரவில்லை.

"காலு சரியாயிருந்தா... மூத்தவள, அக்கா."

அவர் தலையாட்டினார். "நானும் அவளத்தான் எடுப்பேன்."

பட்டியல் வந்தது. கோல்கீப்பர்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர்கள். முதல் பெயர் மூத்தவளுடையது. முழங்கால் தேறிவிட்டது என்று கீழே ஒரு வரி. இரண்டாவது பெயர் இரண்டாமவளுடையது. எல்லாவற்றுக்கும் கடைசியில், யாருக்காவது அடிபட்டால் மட்டும் கூப்பிடுகிற மாற்று வீராங்கனைகள் என்ற இடத்தில், அக்காவின் மகள் பெயர்.

நான் வாசித்தேன். அக்கா எழுந்து போய்க் கடை வாசலில் தெருவைப் பார்த்து நின்றார். பிறகு உள்ளே வந்து, "சபை கேட்டது கிடைச்சாச்சு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் பட்டது, ஆனால் இன்றுவரை நிச்சயமில்லை. மேசையிலிருந்து என் பேனாவை எடுத்தார். வீணாய்ப்போன தாள்களைப் போட்டு வைக்கிற அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். சுவரில் எழுதுவதற்கு முன் நான் எடுத்து, மை சரியாகப் பிடிக்காமல் போன புள்ளிப் பட்டியல் பிரிண்ட் அது. பாதியாகக் கிழித்து, மறுபக்கம் எழுதி, மடித்துப் பைக்குள் வைத்தார். "வாறேன் மக்கா. அவளு கூப்பிடுவா. நான் வீட்டுல இருக்கணும்."

ஞாயிறு வந்தது. முறைப்படி நன்றிச் சீட்டு போட வேண்டியது நான். என் வேண்டுதல்தானே பலித்தது? எழுத உட்கார்ந்தேன், கை போகவில்லை. வழக்கத்தை மீறுகிறோமே என்று ஒரு பக்கம் பயம். சீட்டு இல்லாமலே போய் உட்கார்ந்தேன்.

போதகர் கடைசியாக ஒரு சீட்டைப் பிரித்தார். அவர் அதைத் தூக்கிப் பிடித்தபோது, பின்பக்கத்தில் மங்கலான கட்டங்கள் தெரிந்தன. என் கடைத் தாள். அவர் வாசித்தார்:

"இந்தியக் கோல்கீப்பர் சகோதரியின் முழங்கால் குணமானதற்காக ஸ்தோத்திரம். மூன்றாவது கோல்கீப்பர் பிள்ளைக்கும், ஒருவருக்கும் காலோ கையோ நோகாமல், ஒரு நாள் இடம் கிடைக்கும்படி விண்ணப்பம்."

"கர்த்தாவே, கேட்டருளும்," என்றது சபை.

கண்ணைத் துடைத்து, மூச்சைப் பிடித்து, நான் சொல்லி முடித்தபோது மற்ற எல்லோரும் எப்போதோ முடித்திருந்தார்கள். என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. முந்தின வரிசையில் அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா என் முழங்கையை இடித்து, காதோடு கேட்டார்: "ஏ பிள்ளே, ஒனக்குத்தான் ஹாக்கியெல்லாம் தெரியுமே. ஆராக்கும் இந்த மூணாவது?"

"தெரியாது," என்றேன்.